மேடை யாருடையது? கலை, இலக்கியம், அரசியல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் நண்பர்களோடு உட்கார்ந்து ஒரு படத்தையோ புத்தகத்தையோ பற்றிப் பேசத் தொடங்கினால் அரை மணி நேரத்தில் பேச்சு அரசியலுக்கு வந்துவிடும். அப்படி வரும்போது திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் என் சார்பு தெரியும். வசனத்துக்குள் என்ன அரசியல் ஒளிந்திருக்கிறது என்று தேடுவதைவிட, அந்த மேடையை யார் கொடுத்தார்கள், யார் தடுத்தார்கள், யாரை வாசலிலேயே நிறுத்தினார்கள் என்று பார்ப்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கலையில் அரசியலைக் கலக்கலாமா? ரசித்துவிட்டுப் போகக் கூடாதா?

தாராளமாக ரசிக்கலாம். பாட்டு எழுதியவர் எந்தக் கட்சி என்று விசாரித்துவிட்டுத்தான் தலையாட்ட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ‘கலக்கலாமா’ என்று கேட்கும்போதே, இரண்டும் முன்பு தனித்தனியாக இருந்தன என்று எண்ணிக்கொள்கிறோம். சென்னையில் அப்படி ஒரு காலத்தைக் காட்டுவது கடினம். 1949 செப்டம்பர் 17 அன்று ராயபுரம் ராபின்சன் பூங்காவில் தி.மு.க. தொடங்கப்பட்டபோது அதை முன்னின்று நடத்திய அண்ணாதுரை, நாடகம் எழுதியும் நடித்தும் பெயர் பெற்றிருந்தவர். அரசியலுக்குத் தொலைவில் நிற்பதாகப் பலரும் நினைக்கும் மியூசிக் அகாடமியின் பிறப்பும் 1927-இல் இங்கே கூடிய காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டிலிருந்துதான். அடுத்த ஆண்டே அகாடமி முறையாகத் தொடங்கிவிட்டது.

திராவிட இயக்கம்தானே இதையெல்லாம் ஆரம்பித்து வைத்தது?

இல்லை. இது மிகப் பரவலான தவறான எண்ணம். அதற்கு முன்பே விடுதலைப் போராட்டம் நாடக மேடையைக் கைப்பற்றியிருந்தது. பிரிட்டிஷ் அரசு 1876-இலேயே நாடகங்களைத் தடை செய்ய ஒரு சட்டம் கொண்டுவந்ததென்றால், மேடையைப் பார்த்து எவ்வளவு பயந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

விஸ்வநாததாஸ் என்று ஒரு நடிகர் இருந்தார். முருகன் வேடத்தில் வந்து, வெள்ளைக்காரனைக் கொக்காக உருவகித்துப் பாடுவார். பாடியதற்காகச் சிறைக்குப் போவார். வெளியே வந்து மறுபடியும் பாடுவார். முடிதிருத்தும் தொழில் செய்த மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர் என்பதால் அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்தவர்களும் உண்டு. 1940-இல் சென்னையில் ஒரு நாடக மேடையிலேயே அவர் உயிர் பிரிந்தது. நாட்டு விடுதலையும் சாதியும் ஒரே மனிதரின் ஒப்பனை அறையில் எப்படி முட்டிக்கொண்டன என்பதற்கு இதைவிடக் கூர்மையான சாட்சி எனக்குத் தெரியாது.

சினிமாக்காரர்களையும் நாடகக்காரர்களையும் காங்கிரஸ் பக்கம் திரட்டியவர் சத்தியமூர்த்தி. கே.பி. சுந்தராம்பாள் காங்கிரஸ் மேடைகளில் பாடினார். பின்னாளில் சட்ட மேலவை உறுப்பினரானார். கல்கியின் கதையை கே. சுப்ரமணியம் ‘தியாகபூமி’ என்ற பெயரில் 1939-இல் படமாக்கினார். ஓடிக்கொண்டிருந்த அந்தப் படத்தை அரசு பின்னர் தடை செய்தது.

இலக்கியமும் தப்பவில்லை. பாரதி இறந்து ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு, 1928-இல், அவருடைய பாடல் நூல்களைச் சென்னை மாகாண அரசு பறிமுதல் செய்தது. அதை எதிர்த்துச் சட்டசபையில் சத்தியமூர்த்தி பேசினார். தடை நிலைக்கவில்லை. 1949-இல் அதே கோட்டையிலிருந்து, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில், பாரதியின் எழுத்துக்கள் பொதுச் சொத்தாக அறிவிக்கப்பட்டன. பறிமுதலுக்கும் நாட்டுடைமைக்கும் நடுவே இருபத்தோரு ஆண்டு இடைவெளிதான்.

அப்படியானால் திராவிட இயக்கம் புதிதாக என்ன செய்தது?

பேச்சை மையத்துக்குக் கொண்டுவந்தது. அதுவரை மேடையும் திரையும் பாட்டால் நிரம்பியிருந்தன. அண்ணாவும் கருணாநிதியும் வந்த பிறகு, பாட்டுப் புத்தகத்தோடு வசனப் புத்தகமும் விற்கத் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பெரும்பான்மையாக இருந்த நாட்டில், காதால் கேட்டு மனப்பாடம் செய்யக்கூடிய உரைநடைக்கு இருந்த வலிமையை அவர்கள் கண்டுகொண்டார்கள்.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். 1949-இல் வந்த ‘வேலைக்காரி’யிலும் 1952 தீபாவளிக்கு வந்த ‘பராசக்தி’யிலும் நீதிமன்றக் காட்சிதான் உச்சம். காரணம் எளிது. வீட்டுக்குள் ஒருவர் ஐந்து நிமிடம் தொடர்ந்து பேசினால் செயற்கையாக இருக்கும். கூண்டில் நிறுத்திவிட்டால் பேசியே ஆக வேண்டும். நீதிபதியைப் பார்த்துப் பேசுவதுபோல ஊரையே பார்த்துப் பேசலாம். கட்சி மேடை, நாடக மேடை, நீதிமன்றக் கூண்டு மூன்றையும் ஒரே தொனியில் இணைத்துவிட்டார்கள்.

திரையரங்குக்கு வெளியே நடந்ததையும் மறக்கக் கூடாது. கட்சிப் படிப்பகங்கள், கையெழுத்துப் பத்திரிகைகள், முடிதிருத்தகத்திலும் தேநீர்க்கடையிலும் ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்ட நாளிதழ்கள்: இந்த வலைப்பின்னல் இல்லாமல் எந்தப் படமும் தனியாக ஆட்சியைப் பிடித்திருக்காது.

இது வெறும் பிரச்சாரம்தானே? கலை என்று சொல்ல முடியுமா?

சில இடங்களில் பிரச்சாரம்தான். மறுக்கத் தேவையில்லை. ஆனால் பண்ணையாரின் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்ற ஒருவர், தன்னைப் போன்ற ஒருவன் திரையில் நிமிர்ந்து நின்று அடுக்குமொழியில் எதிர்க்கேள்வி கேட்பதைப் பார்த்தபோது அடைந்த உணர்வைப் ‘பிரச்சாரம்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடைத்துவிட எனக்கு மனம் வரவில்லை.

என் விமர்சனம் வேறொரு இடத்தில் இருக்கிறது. கடவுளையும் புரோகிதத்தையும் அவ்வளவு துணிச்சலாகக் கேள்வி கேட்ட அந்தப் படங்கள், பெண்ணின் கற்பு என்று வந்தவுடன் அடங்கிப்போயின. பெரியார் கற்பு என்ற கருத்தையே கேள்விக்குள்ளாக்கியிருந்தார். அவருடைய பள்ளியிலிருந்து வந்தவர்கள் திரையில் கற்புக்கரசிகளைத்தான் வணங்கினார்கள். பின்னர் எம்.ஜி.ஆர். படங்களில் படித்த, பணக்கார, ‘திமிர் பிடித்த’ நாயகியை அடக்குவது ஒரு வாய்ப்பாடாகவே ஆனது. பார்ப்பவர்கள் அதிகம் என்பதால் அதிகம் பேருக்குப் பிடித்ததைச் சொல்வது என்ற சமரசத்தின் விலை அது. அந்த விலையைப் பெண்கள் கொடுத்தார்கள்.

மேடை ஒரு தரப்புக்கு மட்டும் சொந்தமாகவும் இருக்கவில்லை. தி.மு.க. ஆட்சியில் இருந்த 1968-இலேயே சோ தன் ‘முகமது பின் துக்ளக்’ நாடகத்தை மேடையேற்றினார். அவருடைய அரசியலோடு எனக்கு உடன்பாடு குறைவு. ஆனால் ஆளுங்கட்சியை ஆளுங்கட்சியின் நகரத்திலேயே கேலி செய்ய ஒரு நாடகக்காரருக்கு இடம் இருந்ததை நான் நல்ல செய்தியாகவே பார்க்கிறேன்.

நாடகம் போட இப்போதும் போலீஸ் அனுமதி வேண்டுமா?

இந்தக் கேள்விக்கு விரிவாகப் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன். ஏனென்றால் இதை அறிந்தவர்கள் மிகக் குறைவு.

எம்.ஆர். ராதா ராமாயணத்தை விமர்சித்து நாடகம் போட்டுக்கொண்டிருந்த 1954-இல், காங்கிரஸ் அரசு சென்னை மாகாணத்துக்கென்று ஒரு நாடக நிகழ்ச்சிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அவரை மனதில் வைத்துத்தான் அந்தச் சட்டம் எழுதப்பட்டது என்று அன்றே பேசப்பட்டது. ‘ஆட்சேபகரமான’ நாடகத்தைத் தடுக்கலாம், எழுத்துப் பிரதியை முன்கூட்டியே கேட்டு வாங்கலாம் என்பது சாரம். எது ஆட்சேபகரமானது என்பதை முடிவுசெய்யும் இடத்தில் காவல்துறையும் அரசு அதிகாரிகளும் இருந்தார்கள். ராதா அடங்கவில்லை. மனம் புண்படும் என்று நினைப்பவர்கள் என் நாடகத்துக்கு வர வேண்டாம் என்று விளம்பரம் செய்துவிட்டு நடத்தினார்.

1967-இல் நாடகத்தால் வளர்ந்த கட்சி ஆட்சிக்கு வந்தது. அதற்குப் பிறகு நாடக ஆசிரியர்களும் நடிகர்களுமே முதல்வர் நாற்காலியில் அமர்ந்தார்கள். ஆனாலும் இந்தச் சட்டத்தை யாரும் நீக்கவில்லை. தங்களுக்கு எதிராகப் பயன்பட்ட கருவியை, அதிகாரம் கைக்கு வந்ததும் அலமாரியில் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டார்கள். பரீக்‌ஷா நாடகக் குழுவை நடத்திய ஞாநி நீதிமன்றம் போனார். 2013-இல், நீதிபதி கே. சந்துரு அளித்த தீர்ப்பில், சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகளை அரசியல் சாசனத்துக்கு முரணானவை என்று செல்லாததாக்கியது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அந்தச் சட்டம் உயிரோடு இருந்திருக்கிறது.

ஆட்சியில் இருப்பவர்களின் கலை ஆர்வத்தை அளக்க எனக்கு இதைவிட நம்பகமான அளவுகோல் கிடைக்கவில்லை. அவர்கள் எத்தனை விருது கொடுத்தார்கள் என்பதைவிட, எந்தத் தடைச் சட்டத்தை நீக்கினார்கள் என்று பாருங்கள். பொதுவெளியில் கூட்டம் கூட்டுவதற்கும் ஒலிபெருக்கி வைப்பதற்கும் காவல்துறை அனுமதி என்ற விதி வேறு வழியில் தொடர்கிறது என்பதால், வீதி நாடகக்காரர்களின் சிரமம் முழுதாகத் தீர்ந்துவிடவில்லை.

சென்சார் சான்றிதழ் வாங்கிவிட்டால் படத்தை வெளியிட யாரும் தடுக்க முடியாதுதானே?

சட்டப்படி அதுதான் முறை. சென்னையில் தணிக்கை வாரியத்தின் மண்டல அலுவலகம் நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் இருக்கிறது. 1952-ஆம் ஆண்டு ஒளிப்பதிவுச் சட்டத்தின்கீழ் அங்கே சான்றிதழ் தருகிறார்கள். 2021-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை ஒன்றிய அரசு கலைத்துவிட்டதால், வாரியத்தின் முடிவில் குறை இருந்தால் இப்போது நேராக உயர் நீதிமன்றம்தான் போக வேண்டும். பெரிய தயாரிப்பாளருக்கு அது முடியும். கடன் வாங்கி ஒரு படம் எடுத்தவருக்கு வழக்கறிஞர் கட்டணமும் தள்ளிப்போகும் வெளியீட்டுத் தேதியும் சேர்ந்து கழுத்தை நெரிக்கும். ஆகவே அவர் வாரியம் சொன்னதையெல்லாம் வெட்டிக் கொடுத்துவிட்டு வருவார். தணிக்கையின் உண்மையான பலம் இந்தக் காலதாமதத்தில்தான் இருக்கிறது.

சான்றிதழ் கிடைத்த பிறகும் தெருவிலிருந்து தடை வரும். இடஒதுக்கீட்டை விமர்சித்த ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்ற தமிழ்ப் படத்தின் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 1989-இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, கலவரம் வரும் என்ற அச்சுறுத்தலைக் காட்டி அரசு கருத்துரிமையைப் பறிக்க முடியாது, சட்டம் ஒழுங்கைக் காப்பது அரசின் கடமை என்று சொன்னது. அந்தப் படத்தின் கருத்தோடு நான் முழுமையாக முரண்படுகிறேன். இடஒதுக்கீடு இல்லாமல் என்னைப் போன்ற பலர் கல்லூரிப் படியேறியிருக்க முடியாது. ஆனாலும் அந்தத் தீர்ப்பு சரி என்று நினைக்கிறேன். எனக்குப் பிடிக்காத படத்துக்கு இல்லாத பாதுகாப்பு எனக்குப் பிடித்த படத்துக்கும் கிடைக்காது.

அப்படிப்பட்ட தீர்ப்பு இருந்தும் 2013 ஜனவரியில், சான்றிதழ் பெற்ற ‘விஸ்வரூப’த்தை 144 தடை உத்தரவின் மூலம் தமிழ்நாட்டில் நிறுத்தினார்கள். பேச்சுவார்த்தை நடந்து, சில பகுதிகள் மாற்றப்பட்ட பிறகு பிப்ரவரி 7 அன்று படம் வந்தது. 2018-இல் ‘சர்கார்’ வெளியானபோது அரசின் விலையில்லாப் பொருட்களை விமர்சிக்கும் காட்சி ஆளுங்கட்சியின் எதிர்ப்புக்குப் பின் நீக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு ‘மெர்சல்’ படத்தின் ஜி.எஸ்.டி. வசனத்துக்கு பா.ஜ.க. எதிர்ப்புத் தெரிவித்தது. அந்தப் படத்தைத் தடை செய்யக் கோரிய மனுவை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. எந்தக் கட்சி என்பது மாறுகிறது, பழக்கம் மாறவில்லை.

எழுத்தாளருக்கு இந்த மாதிரி நெருக்கடி குறைவுதானே? புத்தகத்தை யார் படிக்கிறார்கள்?

புத்தகத்துக்குச் சென்சார் இல்லை என்பது உண்மை. ஆனால் எழுத்தாளருக்குப் பின்னால் தயாரிப்பு நிறுவனமோ ரசிகர் மன்றமோ இல்லை. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010-இல் வந்தது. நான்கு ஆண்டுகள் அமைதியாக விற்ற நாவலுக்கு எதிராக 2014 இறுதியில் திருச்செங்கோட்டில் போராட்டம் வெடித்தது. 2015 ஜனவரியில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த ‘சமாதானப் பேச்சுவார்த்தை’யில் அவர் எழுதிக் கொடுக்க வைக்கப்பட்டார். அதன்பின் எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று தானே அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், அந்தப் பேச்சுவார்த்தை அவரைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லி, அவர் மீண்டும் எழுத வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

இந்த விவகாரத்தில் என்னை உலுக்குவது கூட்டத்தின் கோபத்தைவிட, அரசு அலுவலகம் நடந்துகொண்ட முறை. சட்டத்தை மீறாத ஒருவரைக் கூப்பிட்டு, சட்டத்தை மீறுவோம் என்று மிரட்டுபவர்களோடு சமரசம் செய்துகொள்ளச் சொன்னது அங்கே நடந்தது.

கர்நாடக இசையிலும் பரதத்திலும் என்ன அரசியல் இருக்கிறது?

நிறைய இருக்கிறது, ஆனால் சபா நாற்காலியில் அமர்ந்தால் கண்ணுக்குத் தெரியாது.

நடனத்தை எடுத்துக்கொள்வோம். இன்றைய பரதநாட்டியத்தை முன்பு சதிர் என்ற பெயரில் ஆடி வந்தவர்கள் தேவதாசி மரபுப் பெண்கள். அந்த முறையை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி போராடினார். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் தன் அனுபவத்திலிருந்து 1936-இல் நாவலே எழுதினார். 1947-இல் ஒழிப்புச் சட்டம் வந்தது. இன்னொரு பக்கம் ருக்மிணி தேவி 1935-இல் அடையாறு பிரம்மஞான சபையில் ஆடினார். அடுத்த ஆண்டு கலாக்ஷேத்ரா உருவானது. பிராமணக் குடும்பத்துப் பெண்கள் மேடையேறினார்கள். ஒழிக்கப்பட வேண்டிய கொடுமை ஒழிந்தது, அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அந்தக் கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த பெண்களில் பெரும்பாலோர் மேடையையும் சேர்த்து இழந்தார்கள். வீணை தனம்மாளின் பேத்தி பாலசரஸ்வதி போன்ற மிகச் சிலரே தங்கள் மரபின் பெயரோடு உலகறிய நின்றார்கள். சட்டத்தை எதிர்த்து மனுக் கொடுத்த பெண்களின் குரலும் வரலாற்றில் இருக்கிறது. அதைப் படிக்காமல் ஒரு பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது.

இசையில் சண்டை மொழியைச் சுற்றி வந்தது. கச்சேரியில் தெலுங்கு, சமஸ்கிருதக் கீர்த்தனைகளே நிறைந்திருந்தன. தமிழ்ப் பாடல்களைக் கடைசியில் துக்கடாவாகப் பாடினார்கள். ராஜா அண்ணாமலைச் செட்டியார் முன்னெடுக்க, கல்கி எழுத்தால் துணைநிற்க, 1943-இல் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. பாரிமுனைப் பக்கம் போனால் இன்றும் அண்ணாமலை மன்றம் நிற்கிறது. தமிழில் பாட வேண்டும் என்பதில் வென்றார்கள். ஆனால் யார் பாடலாம், எந்தத் தெருவில் கச்சேரி நடக்கும் என்ற கேள்விகளை அந்த இயக்கம் பெரிதாகத் தொடவில்லை.

அவற்றைத் தொட்டவர்கள் பின்னால்தான் வந்தார்கள். டி.எம். கிருஷ்ணா உள்ளிட்டோர் ஊரூர் ஆல்காட் குப்பத்தில், மீனவர் குடியிருப்பிலேயே விழா நடத்தினார்கள். மிருதங்கம் செய்யும் தலித் கிறிஸ்தவக் கைவினைஞர்களைப் பற்றி அவர் எழுதிய நூலின் வெளியீட்டுக்கு 2020-இல் கலாக்ஷேத்ரா தன் அரங்கைக் கொடுக்கச் சம்மதித்துப் பின்னர் மறுத்தது. விழா வேறு இடத்தில் நடந்தது. 2018 ஜனவரியில் பா. ரஞ்சித் முன்னெடுத்த ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ கானாவையும் பறையையும் ராப்போடு சேர்த்து மேடையேற்றியது. அதைத் தொடர்ந்து, மார்கழி என்றாலே சபா என்றிருந்த சென்னையில் ‘மார்கழியில் மக்களிசை’ தொடங்கியது. சாவு வீட்டில் மட்டும் கேட்கலாம் என்று ஒதுக்கி வைத்திருந்த கானாவை, நுழைவுச்சீட்டு வாங்கி வந்து உட்கார்ந்து கேட்க வைத்ததை நான் மிகப் பெரிய பண்பாட்டு நிகழ்வாக மதிக்கிறேன்.

மெரினாவில் ஒரு கண்ணகி சிலைக்கு ஏன் அவ்வளவு சண்டை?

1968 ஜனவரியில் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது கடற்கரைச் சாலையில் பத்துச் சிலைகள் வைத்தார்கள்: வள்ளுவர், ஔவை, கம்பர், பாரதி, பாரதிதாசன், வ.உ.சி., வீரமாமுனிவர், ஜி.யு. போப், கால்டுவெல், இவர்களோடு கண்ணகி. ஒன்பது பேர் வாழ்ந்த மனிதர்கள். கண்ணகி காப்பியத்தின் கதைத்தலைவி. புதிய ஆட்சி தன் இலக்கிய வரலாற்றைக் கல்லிலும் வெண்கலத்திலும் எழுதிக் காட்டியது. 2001 டிசம்பரில் அ.தி.மு.க. ஆட்சியில் கண்ணகி சிலை அகற்றப்பட்டது. 2006-இல் தி.மு.க. மீண்டும் வந்ததும் ஜூன் மாதம் திரும்ப நிறுவப்பட்டது.

கண்ணகியைச் சொந்தம் கொண்டாடியவர்கள் பலர். ம.பொ.சி. சிலம்பை ஒன்றுபட்ட தமிழகத்தின் காப்பியமாக ஊர் ஊராகப் பேசினார். திராவிட இயக்கத்தார் கம்பனுக்கு மாற்றாக இளங்கோவை முன்வைத்தார்கள். 1943 பிப்ரவரியில் சென்னைச் சட்டக் கல்லூரியில் கம்பராமாயணத்தை எரிக்கலாமா என்று அண்ணாவும் ரா.பி. சேதுப்பிள்ளையும் மேடையில் வாதிட்டார்கள். எரிக்கும் யோசனையை நான் ஏற்கவில்லை. ஆனால் ஒரு காப்பியம் நம் வாழ்வை என்ன செய்கிறது என்று நேருக்கு நேர் நின்று விவாதித்த அந்த மாலை மீது எனக்குப் பெரிய மதிப்பு உண்டு.

தமிழ்த்தாய் வாழ்த்திலிருந்து சில வரிகளை நீக்கியது சரியா?

மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை எழுதிய பாடலை 1970-இல் அரசு ஏற்றபோது, ஆரியம் வழக்கொழிந்தது என்றும், கன்னடமும் தெலுங்கும் மலையாளமும் துளுவும் தமிழிலிருந்து பிறந்தவை என்றும் சொல்லும் பகுதியை விட்டுவிட்டார்கள். சரிதான் என்பேன். பிற மொழி பேசுவோரும் எழுந்து நின்று பாட வேண்டிய பாட்டு அது. முழுப் பாடலைப் புத்தகத்தில் படிக்க யாரும் தடை போடவில்லை.

படத்துக்குத் தமிழ்ப் பெயர் வைத்தால் வரிவிலக்கு என்பது மொழிப்பற்றா, வணிகமா?

இரண்டும். 2006-இல் அறிவித்தார்கள்; படப் பெயர்கள் தமிழானது நல்லதுதான். ஆனால் கேளிக்கை வரியில் மிச்சமான பணம் சீட்டு வாங்கிய பார்வையாளருக்குப் போய்ச் சேர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. தலைப்பு தமிழாக இருந்தால் போதும், உள்ளே எப்படி இருந்தாலும் சரி என்ற நிலை மொழிக்குப் பெரிதாக எதையும் செய்யவில்லை. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்ததும் கணக்கே மாறிவிட்டது.

தொலைக்காட்சி இந்தக் கதையில் எங்கே வருகிறது?

சன் 1993-இல், ஜெயா 1999-இல், மக்கள் 2006-இல், கலைஞர் 2007-இல், கேப்டன் 2010-இல் வந்தன. இந்தப் பெயர்களைப் படித்தாலே ஒவ்வொன்றும் எந்தக் கட்சிக்கு நெருக்கம் என்று தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். 2006 தேர்தல் வாக்குறுதியின்படி வீட்டுக்கு வீடு வண்ணத் தொலைக்காட்சி வந்தது. கம்பி வழியாக எந்த அலைவரிசை வீட்டுக்குள் வரும் என்பதும் அரசியல் போட்டியானது. அதிலிருந்துதான் அரசு கேபிள் வந்தது. பார்வையாளர்கள் செய்தி நேரத்தில் எச்சரிக்கையாக இருக்கிறார்கள். மாலை நெடுந்தொடரில் மாமியார், மருமகள், சாதிக்குள்ளேயே கல்யாணம் என்று உள்ளே இறங்கும் அரசியலைப் பற்றி யாரும் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. எனக்கு அதுதான் கவலை.

நாம் நடிகர்களுக்குத்தானே ஓட்டுப் போடுகிறோம்?

அண்ணா, கருணாநிதி, எம்.ஜி.ஆர்., ஜானகி, ஜெயலலிதா என்று 2016 வரை ஐந்து முதல்வர்களுக்குத் திரையோடோ மேடையோடோ தொடர்பு இருந்தது உண்மை. ஆனால் சிவாஜி கணேசனை நினைத்துப் பாருங்கள். நடிப்பில் அவருக்கு மேல் யாரை வைப்பது? தனிக்கட்சி தொடங்கி 1989-இல் திருவையாற்றில் நின்று தோற்றார். எம்.ஜி.ஆருக்குப் பின்னால் இருபது ஆண்டு தி.மு.க. கிளைகளும் ஊர்தோறும் ரசிகர் மன்றங்களும் இருந்தன. அவர் 1972-இல் பிரிந்தபோது அந்த மன்றங்களே ஒரே இரவில் கட்சிக் கிளைகளாக நின்றன. தமிழ் வாக்காளரைச் சினிமாப் பைத்தியம் என்று எழுதும் வடநாட்டுக் கட்டுரைகள் இந்த அமைப்பு வேலையைக் காண்பதே இல்லை.

சாதியைப் பேசும் படங்கள் இப்போதுதானே வருகின்றன? ஏன் திடீரென்று?

திரையில் வேண்டுமானால் புதிது. எழுத்தில் மிகப் பழையது. இரட்டைமலை சீனிவாசன் 1893-இலேயே ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். அயோத்திதாசர் 1907-இல் ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வெளியிட்டார். இரண்டும் இந்த நகரத்தின் இதழ்கள். அவற்றைப் பாடநூல் நெடுங்காலம் மறந்திருந்தது. 1990-களில் அம்பேத்கர் நூற்றாண்டையொட்டித் தலித் இலக்கியம் பேரலையாக எழுந்தபோது, பாமாவின் ‘கருக்கு’ 1992-இல் வந்தது.

2014-இல் ரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’ வந்தது. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் ஒரு சுவரில் யார் படம் வரைவது என்பதற்காக உயிர்கள் போகும் கதை. அதுவரை வடசென்னைக்காரர் திரையில் அடியாளாகவோ சிரிப்புக்காகவோ வந்துபோனார். அந்தப் படத்தில் அவர் கால்பந்து ஆடினார், புத்தகம் படித்தார், காதலித்தார், ஐ.டி. நிறுவனத்தில் வேலை பார்த்தார். ‘திடீரென்று’ என்று தோன்றுவதற்குக் காரணம், கேமராவுக்குப் பின்னால் நிற்பவர் மாறியதுதான்.

புத்தகங்களுக்கும் நூலகங்களுக்கும் ஆட்சி மாற்றத்தால் பாதிப்பு உண்டா?

உண்டு. பொது நூலகத் துறையின் கொள்முதல் ஆணையை நம்பித்தான் பல சிறு பதிப்பகங்கள் மூச்சு விடுகின்றன. ஆணை வராத ஆண்டில் கவிதைத் தொகுப்புகள் குறையும். கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தை, அடுத்த ஆண்டே குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாகப் புதிய அரசு அறிவித்தது. உயர் நீதிமன்றம் தடுத்தது. இன்று அங்கே போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் காலையிலேயே இடம் பிடிக்க வருகிறார்கள். வாசகர்கள் எதிர்த்து நிற்காமல் இருந்திருந்தால் அந்த நாற்காலிகள் இருந்திருக்காது.

இதையெல்லாம் நேரில் தேடிப் படிக்கச் சென்னையில் எங்கே போகலாம்?

தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூர்க்காரரான ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களோடு 1994-இல் தொடங்கியது. பழைய நாடக நோட்டீசு, பாட்டுப் புத்தகம், குஜிலிப் பிரசுரம் எனப்பட்ட மலிவு விலைத் தெருப் பதிப்புகள் எல்லாம் அங்கே பார்க்கலாம். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பிரிட்டிஷ் அரசு தடை செய்த நூல்கள் பற்றிய கோப்புகள் இருக்கின்றன. பக்கத்திலேயே கன்னிமாரா பொது நூலகம். உ.வே.சா. நூலகம் பெசன்ட் நகரில். முதலில் ஒரு தடை செய்யப்பட்ட நூலின் கோப்பைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். எந்த வரியின் கீழே அதிகாரி கோடு போட்டிருக்கிறார் என்று பாருங்கள். பிறகு அந்த நூலையே எடுத்து அந்தப் பக்கத்தைப் படியுங்கள்.